கழுத்து திரும்பாத தலை

ஓய்வு பெற்ற ஆளைக் கூப்பிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்றால் அவன் என்ன எழுதுவான்? தான் கெட்டிக்காரனாக இருந்த நாட்களைத்தான் எழுதுவான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதி வாசித்துப் பார்த்தபோது எனக்கே சகிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தொழில்நுட்பம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டவனைச் சுற்றிலும் மழை பெய்ய வைப்பதும், அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ நடந்து வருவதுபோல் பயமுறுத்துவதும் உங்களுக்கு இப்போது விரல் நுனியில் இருக்கிறது. நாங்கள் மாதக்கணக்கில் மாரடித்த கணக்கை நீங்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். நல்லது, நன்றாக இருங்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இல்லாத ஓர் இடத்தை ஒருவன் காதுக்குள் நாம் உண்டாக்கினால், அவன் அதை நம்பித்தான் காலெடுத்து வைப்பான். என்னை நம்பி அப்படிக் காலெடுத்து வைத்த ஒருவரை நான் கவிழ்த்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கதை. எழுபத்து நாலில் ராமநாதபுரத்தில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். எங்கள் அய்யாவுக்கு உத்தரகோசமங்கைப் பக்கம் இரண்டு குறுக்கம் மானாவாரி நிலம். மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அதனால் நான் மைக்குக்கு வந்தேன். முதல் திருவிழா நயினார்கோவிலில். குழாய் ஸ்பீக்கர்களைத் தூரத்தில் நாலு மரங்களில் கட்டிவிட்டு நான் மேடையில் மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். சிவப்புப் பாவாடை கட்டிய பெண் குழந்தை ஒன்றைக் கூட்டத்திலிருந்து யாரோ கொண்டுவந்து என் பக்கத்தில் விட்டார்கள். தாய் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்று அறிவித்தேன். வரவில்லை. மறுபடி அறிவித்தேன். என் குரல் ஊரெல்லாம் கேட்பதில் எனக்குப் பெருமை வேறு. கால்மணி நேரம் குழந்தை அழுதபடியே இருந்தது.

அந்தத் தாய் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், குரல் வந்த புளியமரத்துக்கு ஓடி, அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறாள். அங்கே குழந்தை இல்லை. அடுத்த அறிவிப்புக்கு அடுத்த மரம். நாலு மரமும் ஓடி முடித்த பிறகு டீக்கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, மூச்சு வாங்கக் கேட்டாள்.

"ஆளு இங்கன இருந்துக்கிட்டு சத்தத்த அங்கன ஏன்யா வச்ச?"

அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டியவர் முனியசாமி என்ற மீனவர். அவர் கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னமும் வதைக்கிறது.

நடுவில் சென்னையில் டப்பிங் தியேட்டர், ரெக்கார்டிங் ஸ்டூடியோ என்று காலம் ஓடியது. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது கூப்பிட்டு வேலை கொடுத்தவர் ஒரு பெண்மணி. பெயர் வேண்டாம், எல்லோரும் மேடம் என்போம். விமானம், கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாதிரி அறைகளைச் செய்யும் சிறிய நிறுவனம் அவருடையது. "ஸ்க்ரீன்ல கடலைக் காட்ட என்கிட்ட பத்துப் பேர் இருக்காங்க. கடலைக் கேக்க வைக்க ஒருத்தர்கூட இல்ல. நீங்க வாங்க" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் நான் மறுபடி மாணவனானேன். அந்த நன்றிக்கடன் எனக்கு இருந்தது என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சாக்காகவும் நான் பிறகு பயன்படுத்தினேன்.

சுனாமி வந்துபோன பிறகு எங்கள் கரையில் மீட்புப் படகு விடுவதற்கு ஒரு தொண்டு அமைப்பு முன்வந்தது. படகு ஓட்ட நாலு பேர் வேண்டும். மாதச் சம்பளம், நிரந்தர வேலை. மீனவர்களிலிருந்தே ஆள் எடுப்பது என்று முடிவு. மூட்டத்திலோ மழையிருட்டிலோ தண்ணீரில் தத்தளிப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் குரலை வைத்துத்தான் போக வேண்டும். ஆகவே காதால் திசை கண்டு படகு ஓட்டத் தெரிகிறதா என்று சோதிக்க ஒரு பொய்க்கடல் வேண்டும் என்றார்கள். மண்டபம் பக்கம் மூடிக்கிடந்த ஓர் ஐஸ் பிளாண்டில் அந்தக் கடலை நாங்கள் கட்டினோம். முன்னால் மூன்று திரை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்டியரிங், ஒரு ஹெட்போன். திரையில் வெறும் வெள்ளை மூட்டம். மற்றதெல்லாம் காதுக்குள்.

கடலைப் பதிவு செய்ய முனியசாமியின் வத்தையை, எஞ்சின் வைத்த அவருடைய சிறு படகைத்தான் வாடகைக்கு எடுத்தோம். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், நிதானமான பேச்சு. என்னிடம் ஒரு பொம்மைத் தலை இருந்தது. ரப்பரில் செய்தது, மனிதக் காது போலவே இரண்டு காதுகள், அவற்றின் துளைக்குள் மைக். அதை வத்தையின் முன்முனையில், அணியத்தில், ஒரு பெட்டிமேல் வைத்துக் கட்டினேன். முனியசாமி அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்ன சார், தலைய மட்டும் கொண்டாந்திருக்கீக?"

"இது கேக்குற தலை. நம்ம காதுக்கு எப்படிக் கேக்குமோ அப்படியே இதுக்கும் கேக்கும்."

"கழுத்து திரும்பாதா?"

"திரும்ப வேண்டியதில்ல."

"கழுத்து திரும்பாம எப்படி சார் கேக்கும்?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் சிரித்தேன்.

அவர் கேட்டது சரி. உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியிருப்பார்கள். அசையாத தலைக்கு நேர் முன்னால் வரும் சத்தமும் நேர் பின்னால் வரும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மனிதன் தன்னையறியாமல் தலையைக் கொஞ்சம் திருப்பித்தான் எது முன், எது பின் என்று பிரிக்கிறான். இதற்காக எங்கள் ஹெட்போன் பட்டையின்மேல் ஒரு சென்சார் வைத்திருந்தோம். கேட்பவன் தலை இடப்பக்கம் திரும்பினால் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் கடலை அந்த அளவுக்கு வலப்பக்கம் திருப்பும். அதனால் கடல் தன் இடத்திலேயே நிற்கும். பொய்க்கடல் முழுவதும் கட்டைவிரல் அளவுள்ள அந்தச் சென்சாரில்தான் நின்றது.

முனியசாமி கேட்பதை ஒருநாள் பார்த்தேன். மார்கழிக் காலை, எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. எஞ்சினை அணைத்தார். எங்கோ ஒரு விசைப்படகு வருகிறது என்று சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல் தலையை மெதுவாகத் திருப்பினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். "அங்கன" என்று கை காட்டினார். அதற்குப் பிறகுதான் சுக்கானைத் தொட்டார்.

"கழுத்து நிக்கிற வரைக்கும் சுக்கானத் தொடப்படாது சார். தண்ணியில ஆளு கெடந்தா, தெரியாமத் திருப்புனா எஞ்சின் விசிறி வெட்டிரும். எங்க ஆளுகள்ல அப்படி ஒருத்தன் போயிட்டான்."

கொஞ்ச நேரத்தில் அவர் கை காட்டிய இடத்திலிருந்தே விசைப்படகு மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

தண்ணீரில் கிடப்பவனின் கூப்பாடு எங்களுக்குத் தேவைப்பட்டது. யாராவது கடலில் இறங்கிக் கூப்பிட வேண்டும். கேட்ட அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். பொய்க்குக் கடலில் அப்படிக் கூப்பிடக்கூடாதாம். கூப்பிட்டால் கடல் அதை மெய்யாக்கிவிடும் என்று பயம். கடைசியில் முனியசாமிதான் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று, "ஏலே... இங்கன இருக்கேன்... இங்கன இருக்கேன்..." என்று கூப்பிட்டார். கரையில் கடல்பாசி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ராக்கு கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். அவர் கரையேறியதும் என்னைப் பார்த்து, "இதெல்லாம் வெளையாட்டுக்குச் செய்யுறதா சார்?" என்றாள்.

வத்தையில் அவர் எப்போதும் என்னைத் தன் வலப்பக்கமே உட்கார வைப்பார். காரணம் மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

"எடது காது செத்துப்போச்சு சார். பத்தொம்பது வயசுல சங்கு குளிக்கப் போன எடத்துல வெடிச்சுருச்சு. மிச்சக் காத வச்சுத்தான் ஓட்டுறேன். அதான் எனக்குக் கழுத்து கூடுதலாத் திரும்பும்."

"இப்பவும் சங்கு குளிக்கப் போறீங்களா?"

"வத்தைக்கு வேலை இல்லாட்டிப் போறதுதான். டாக்டரு சொல்லிட்டாரு, இனிமே ஆழத்துல முங்குனா இந்தக் காதும் போயிரும்னு. இந்தப் படகு வேலை கெடச்சுருச்சுன்னா முங்க வேண்டியதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காது விசயம் நமக்குள்ள இருக்கட்டும் சார். தெரிஞ்சா பேரயே அடிச்சுருவாக."

இருக்கட்டும் என்றேன். ஒரு காதோடு இருந்தும், இரண்டு காது உள்ளவர்களைவிட அவர் நன்றாகக் கேட்டார். அதை நான் கண்ணால் பார்த்தவன்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பு சென்சார் செத்தது. உப்புக்காற்று. வயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. வேறு ஒன்று வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆறு வாரமாவது ஆகும். மேடத்திடம் சொன்னேன். நாள் குறித்து, அதிகாரி வருவது வரை முடிவாகியிருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது இல்லாம ஓடுமா?"

அது நியாயமான கேள்விதான். பதில் எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று தள்ளப்பட்டவனுக்கு வேலை கொடுத்தவரைக் கைவிடக்கூடாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். "ஓடும் மேடம். எல்லாரும் ஸ்க்ரீனைப் பாத்துத்தான் உக்காந்திருப்பாங்க. ஸ்டியரிங்கைத் திருப்பினா சத்தம் மாறும். அது போதும்" என்றேன்.

அந்த நேரத்தில் உங்களுக்கு முனியசாமியின் நினைவு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. அவரைப் போல் கேட்கக்கூடியவர் எப்படியும் சமாளித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கும் யாராவது இதே நினைப்பில் ஒரு நாள் உட்கார நேர்ந்தால் உடனே எழுந்துவிடுங்கள். நன்றாக வேலை தெரிந்தவன் நம் குறையைச் சமாளித்துக்கொள்வான் என்று நினைப்பது சோம்பேறித்தனம். நம் குறை முதலில் அடிப்பது அவனைத்தான்.

சோதனை அன்று ஒன்பது பேர் வந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் பெஞ்சில் அதிகாரி, மீனவர் சங்கத்துக்காரர் ஒருவர், மேடம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் பக்கம். வாலிபப் பையன்கள் முதலில் வந்தார்கள். எல்லோரும் செல்போனில் பாட்டுக் கேட்டுப் பழகியவர்கள். ஹெட்போனை மாட்டியதும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, குரல் எந்தக் காதில் அதிகம் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தார்கள். தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் தண்ணீரில் கிடப்பவன் மேலேயே படகை ஏற்றினான். அதற்கு மதிப்பெண் குறைக்க நாங்கள் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

ஏழாவதாக முனியசாமி. வெளுத்த சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். ஹெட்போனில் கூப்பாடு எழுந்தது. அது அவர் குரல்தான். வாயை லேசாகத் திறந்துகொண்டு தலையைத் திருப்பினார்.

குரல் மாறவில்லை. மாறாது. தலை திரும்பியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அவருடைய ஒற்றைக் காதில் அதே குரல், அதே அளவில், அதே இடத்தில். இன்னும் கொஞ்சம் திருப்பினார். தோளைத் திருப்பினார். இடுப்போடு திரும்பினார். கை மட்டும் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. கழுத்து நிற்காமல் அவர் எப்படித் தொடுவார்? கடைசியில் நாற்காலியைவிட்டு எழுந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். ஹெட்போன் வயர் அவர் தோளைச் சுற்றிக்கொண்டது. வாசலில் நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். சங்கத்துக்காரரும் சிரித்தார். நேரம் முடிந்து திரை அணைந்தது.

முனியசாமி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சத்தம் என்கூடவே சுத்துது சார். நான் திரும்புற பக்கமெல்லாம் அதுவும் கூட வருது."

ஒன்பது பேரில் அந்த இயந்திரத்தின் பழுதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். பழுது எது என்று எழுதிக் கொடுத்ததுபோல் சொல்லிவிட்டார். அதிகாரிக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். முனியசாமியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்போன் பழக்கம் இல்ல சார்" என்றேன்.

அதிகாரி தாளில் ஏதோ எழுதினார். முனியசாமி ஹெட்போனை நாற்காலிமேல் மெதுவாக, உடைந்துவிடக்கூடாதே என்பதுபோல் வைத்தார். "அப்ப நான் வாரேன் சார்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலில் தூக்குவாளியோடு ராக்கு காத்திருந்தாள். மதியம் நான் டீக் குடிக்க வெளியே வந்தபோது அவள் மட்டும் நின்றாள்.

"அவுக ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குறாக. கெடச்சுருமா சார்?"

"சொல்லியனுப்புவாங்கம்மா" என்றேன். அது அன்றைய இரண்டாவது பொய்.

நான் வாயைத் திறக்காததற்கு எனக்குள்ளே ஒரு நல்ல காரணம் தயாராக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் ஏன் அத்தனை திரும்பினார் என்று கேள்வி வரும், காது விஷயம் வெளியே வந்துவிடும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். சென்சார் வேலை செய்யவில்லை என்று சொல்ல அவர் காதை இழுக்கவே தேவையில்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான். ஓடும் என்று சொன்னவன் நான். அது ஓடவில்லை என்று மூன்று பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு நாக்கு எழவில்லை.

சாயங்காலம் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நாலு பேர் பேரைச் சொல்லியாச்சு. இப்ப அவங்க வீட்ல சந்தோஷமா இருப்பாங்க. மறுபடி வெச்சா அந்த நாலு பேர்ல யார் போவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அவங்ககிட்ட நீங்க போய்ச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். பிறகு, "நீங்க அங்கேயே சொல்லியிருந்தா நான் சோதனையை நிறுத்தியிருப்பேன். ஏன் சொல்லல?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. சரியான நேரம் ஒன்று இருந்தது. அது அந்த அதிகாரியின் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்தது. அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் யாருக்காவது அநியாயம்தான்.

புதுச் சென்சார் ஆறு வாரத்தில் வரவில்லை. நாலு மாதம் ஆனது. அதற்குள் இரண்டாவது மீட்புப் படகுக்கும் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எனக்கு உயிர் வந்தது. முதல் பெயராக முனியசாமியை எழுதி வைத்தேன். சென்சாரைப் பொருத்தி, நானே பத்துத் தடவை உட்கார்ந்து பார்த்து, கடல் அதன் இடத்தில் நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "முனியசாமி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் மறுபடி கூப்பிட்டேன். என் நிழல் வலைமேல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார்!" என்றார், தெருவுக்கே கேட்கும் குரலில்.

ராக்கு உள்ளிருந்து வந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"சங்கு குளிக்கப் போனாக. ரெண்டாம் நாளு வத்தையில ஏறும்போதே காதுல ரத்தம்" என்றாள். "பேசுறது ஒண்ணுங் கேக்காது சார். எங்கிட்டயே சைகைதான்."

நான் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவர் வலையை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் காதுக்காக அழுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்.

எதற்கு வந்தேன் என்று ராக்கு கேட்டாள். மெஷின் சரியாகிவிட்டது, அதைச் சொல்ல வந்தேன் என்றேன். அவள் அவர் பக்கம் திரும்பி, காதைத் தொட்டுக் காட்டி, தலையை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"கழுத்து வந்துருச்சா?" என்றார். "அப்பப் பாக்கணுமே."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை, அவருக்கு எப்படிக் கேட்கும்? மூவரும் ஐஸ் பிளாண்டுக்குப் போனோம். வேறு யாரும் இல்லை. நாற்காலியில் ராக்குவை உட்கார வைத்து, ஹெட்போனை அவரே அவள் தலையில் மாட்டினார். தான் ஸ்டியரிங்கின் ஓரமாக, அவள் முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கம்ப்யூட்டரை ஓடவிட்டேன்.

முதல் கூப்பாட்டுக்கு ராக்கு திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் வாய் மூடியிருந்தது. குரல் வேறு எங்கிருந்தோ வருகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையைத் திருப்பினாள். அவர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை ஸ்டியரிங்குக்கு மேலே, தொடாமல். அவள் கழுத்து நின்றது. அதன் பிறகு தொட்டார். படகைத் திருப்பி, மெதுவாகப் போய், ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஆறு தடவை கூப்பாடு. ஆறு தடவையும் அவள் கழுத்து நிற்கும்வரை காத்திருந்து, ஆறு தடவையும் போய்ச் சேர்ந்தார். அந்த மெஷினில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் முழு மதிப்பெண் வாங்கியதில்லை.

ராக்கு ஹெட்போனைக் கழற்றினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"யாரு கூப்புட்டா?" என்று அவர் கேட்டார்.

அவள் ஆள்காட்டி விரலை அவர் நெஞ்சில் வைத்தாள். அவர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அந்த மதிப்பெண் தாளைத் தூக்கிக்கொண்டு நான் யார் யாரையோ பார்த்தேன். காது கேட்காதவருக்கு மீட்புப் படகு தரமுடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். நான் ஓய்வு பெற்ற இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களின் வத்தைக்கு முனியசாமிதான் சுக்கான் பிடிக்கிறார். ராக்கு அணியத்தில் உட்கார்ந்திருப்பாள். மூட்டம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அவள் கழுத்தைப் பார்ப்பார் என்று கூடப் போகும் பெண்கள் சொன்னார்கள்.

பிள்ளைகளா, சென்சாரை ஈரம் படாமல் வையுங்கள், வயரைப் பிரித்துப் பாருங்கள் என்பதையெல்லாம் வேறு யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். உங்கள் மெஷினில் உட்கார்ந்தவன் ஏதோ சரியில்லை என்று சொல்லும்போது, யாராவது உங்களிடம் திரும்பி "என்ன சொல்றாரு?" என்று கேட்பார்கள். அந்த நேரத்துக்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

நாங்கள் மூவரும் போயிருந்த அன்று ஐஸ் பிளாண்டைவிட்டுக் கிளம்பும்போது நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். வாசலில் முனியசாமியை நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. மெஷின்லதான் பழுது. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்." அவர் என் உதட்டைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ராக்கு பக்கம் திரும்பினார்.

"சார் என்ன சொல்றாக?"

ராக்குவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள், நான் தலை குனியும்வரை. பிறகு அவர் பக்கம் திரும்பி, வானத்தைக் காட்டி, வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். பொழுது போகிறது, கிளம்புங்கள் என்று சார் சொல்கிறாராம்.

"அப்ப நாங்க வாரோம் சார்" என்றார் அவர், ஊருக்கே கேட்கும் குரலில்.